மூச்சு முடியும் இடத்தில் தொடங்கும் சுவாசம்: செல் ஆற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறுநாளே மறந்துபோகும் உயிரியல் பாடம் எது என்று கேட்டால், செல் சுவாசம் என்றுதான் சொல்வேன். பக்கம் முழுவதும் அம்புக்குறிகளும் நொதிகளின் பெயர்களுமாக இருந்தால் யாருக்குத்தான் மனத்தில் நிற்கும்? ஆனால் அத்தனை அம்புக்குறிகளுக்கும் அடியில் ஒரே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைக் கடைசியில் யாரிடம் ஒப்படைப்பது? இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். மாணவர்களும் பெற்றோர்களும் ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அந்த ஒரு நூலில் கோத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சுவாசம் என்றால் மூச்சு விடுவதுதானே? செல் எப்படிச் சுவாசிக்கும்?

ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. மூச்சு விடுவது, காற்றை நுரையீரலுக்குள் இழுத்து வெளியே தள்ளும் வேலை. அங்கிருந்து ஆக்சிஜன் இரத்தத்தில் ஏறிச் செல்களைச் சென்றடைகிறது. செல்லுக்குள் உணவு மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சிதைத்து ஆற்றலைப் பெறும் வேதிச் செயல்தான் செல் சுவாசம். நுரையீரலே இல்லாத ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இதைச் செய்கின்றன.

செல் தன் வேலைகளுக்கு ஆற்றலைச் செலவழிக்கும் மூலக்கூறான ஏடிபி எதற்கு? குளுக்கோஸை நேரடியாகவே பயன்படுத்திக்கொள்ளலாமே?

ஒரு மோல் குளுக்கோஸ் முழுமையாக எரிந்தால் சுமார் 686 கிலோ கலோரி வெளிப்படும். ஒரு மோல் ஏடிபி உடையும்போது கிடைப்பது, திட்ட நிலைமைகளில், ஏறக்குறைய 7.3 கிலோ கலோரி. செல்லுக்குள் ஒரு புரதத்தை வளைப்பதற்கோ, ஓர் அயனியைச் சவ்வின் மறுபக்கம் தள்ளுவதற்கோ தேவைப்படுவது இந்தச் சிறிய அளவுதான். பெரிய நோட்டை வைத்துக்கொண்டு சில்லறைச் செலவு செய்ய முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். பாடநூல்கள் ஏடிபியை ஆற்றல் நாணயம் என்று சொல்வது மிகப் பொருத்தமான பெயர்.

இந்த மூலக்கூறை 1929இல் கார்ல் லோமன் கண்டறிந்தார். இதைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி, உடல் இதைச் சேமித்து வைப்பதில்லை என்பது. எந்த நொடியிலும் நம்மிடம் இருக்கும் ஏடிபி மிகக் கொஞ்சம். ஆனால் ஒரு நாளில் உடல் உருவாக்கி உடைக்கும் ஏடிபியின் எடையைக் கூட்டினால் அது பல பத்துக் கிலோவுக்கு வரும். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை உடைந்து மீண்டும் உருவாகிறது. ஆற்றல் உற்பத்தி சில நிமிடங்கள் நின்றாலே உயிருக்கு ஆபத்து என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் படி ஒன்றுதானா?

ஆம். அதன் பெயர் கிளைக்காலிசிஸ். செல்லின் சைட்டோபிளாசத்தில் 10 படிகளில் நடக்கிறது. ஆறு கார்பன் கொண்ட ஒரு குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிளக்கிறது. தொடக்கத்தில் 2 ஏடிபியைச் செலவழித்து, பின்னர் 4 ஏடிபி கிடைப்பதால் நிகர வரவு 2. ஆக்சிஜனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பூமியின் காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவு சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கும் முந்தைய வழிமுறை இது என்பதால், இன்று வாழும் உயிர்களில் மிகப் பெரும்பாலானவற்றிடம் ஏதோ ஒரு வடிவில் இது காணப்படுகிறது.

இங்கே இன்னொன்றும் நடக்கிறது. இந்தப் பாடத்தின் திறவுகோலே அதுதான். குளுக்கோஸ் பிளக்கும்போது அதிலிருந்து எலக்ட்ரான்கள் கழற்றப்படுகின்றன. அவற்றைச் சுமந்து செல்ல என்ஏடி என்ற மூலக்கூறு காத்திருக்கிறது. நியாசின் என்ற வைட்டமினிலிருந்து உடல் இதை உருவாக்கிக்கொள்கிறது. என்ஏடியை ஒரு வெறுங்கூடையாக நினைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் ஏறியதும் அது என்ஏடிஎச் என்ற நிறைகூடை ஆகிறது. செல்லிடம் இருக்கும் கூடைகள் குறைவு. எல்லாக் கூடைகளும் நிரம்பிவிட்டால் அடுத்த குளுக்கோஸைப் பிளக்க வழியில்லை; வேலை நின்றுபோகும். எனவே கூடையை எங்கேயாவது கொட்டிக் காலி செய்தே ஆக வேண்டும். எங்கே கொட்டுவது என்பதில்தான் ஆக்சிஜன் உள்ள வழி, இல்லாத வழி என்ற இரண்டும் பிரிகின்றன.

அப்படியானால் ஆக்சிஜன் எங்கே வருகிறது?

கடைசியில். உண்மையிலேயே கடைசிப் படியில்.

ஆக்சிஜன் இருக்கும்போது பைருவேட், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் நுழைகிறது. அங்கே ஒரு கார்பனை இழந்து, எஞ்சிய இரண்டு கார்பன் துண்டு கிரப்ஸ் சுழற்சி என்ற வேதிவினைச் சுற்றுக்குள் போகிறது. ஹான்ஸ் கிரப்ஸ் இந்தச் சுழற்சியை 1937இல் விளக்கி எழுதிய கடிதத்தை நேச்சர் இதழ், இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. வேறோர் இதழில் வெளிவந்த அந்தப் பணிக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. சுழற்சியில் நேரடியாகக் கிடைக்கும் ஏடிபி மிகக் குறைவு, ஒரு குளுக்கோஸுக்கு 2 மட்டுமே. அதன் முக்கிய வேலை கூடைகளை நிரப்புவது. கிளைக்காலிசிஸ் முதல் கிரப்ஸ் சுழற்சி வரை ஒரு குளுக்கோஸிலிருந்து 10 என்ஏடிஎச் கூடைகளும், எஃப்ஏடி என்ற வேறுவகைக் கூடை இரண்டும் நிரம்பிவிடுகின்றன.

இந்தக் கூடைகள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கொட்டப்படுகின்றன. அங்கே வரிசையாக அமர்ந்திருக்கும் புரதங்கள் எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே போகின்றன. இதுதான் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் ஆற்றல் வெளிப்படும். அந்த ஆற்றலைக் கொண்டு புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) சவ்வின் மறுபக்கத்துக்கு இறைக்கப்படுகின்றன. மறுபக்கத்தில் தேங்கிய புரோட்டான்கள் திரும்பி வரத் துடிக்கின்றன, அணைக்குப் பின்னால் தேங்கிய நீரைப் போல. அவை திரும்பி வருவதற்கான வாசல் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அதன் வழியே புரோட்டான்கள் பாயும்போது அந்த நொதியின் ஒரு பகுதி சக்கரம்போல் சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது.

சுழல்கிறது என்பதை உவமையாகச் சொல்லவில்லை. புரோட்டான் தேக்கம்தான் ஏடிபி உற்பத்தியை இயக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதே கருத்துக்கு அவர் நோபல் பரிசு பெற்றார். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நொதியின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றைப் பொருத்தி, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்தார்கள். நம் செல்களில் இப்படிப்பட்ட சக்கரங்கள் எண்ணற்றவை இந்த நொடியிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எத்தனை முறை கற்பித்தாலும் இந்த இடத்தில் நான் ஒரு கணம் நின்றுவிடுவேன்.

சரி, சங்கிலியின் இறுதியில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது யார்? ஆக்சிஜன். எலக்ட்ரான்களையும் புரோட்டான்களையும் சேர்த்துக்கொண்டு அது நீராகிவிடுகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் கடைசிப் புரதம் தன் கையிலிருப்பதை ஒப்படைக்க முடியாமல் நிற்கும். அதற்கு முந்தையதும் நிற்கும். அப்படியே சங்கிலி முழுவதும் முடங்கும். ஆக்சிஜனை எரிபொருள் என்று நினைப்பது தவறு என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எரிபொருள் உணவுதான். அதன் எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளக் கடைசியில் நீட்டப்படும் கை ஆக்சிஜன்.

நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன்தானே கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது?

இல்லை. பெரியவர்களிடமும் இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது. உள்ளிழுத்த ஆக்சிஜன் நீராகிறது என்று மேலே பார்த்தோம். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு அதற்கு முன்பே, பைருவேட் கார்பனை இழக்கும்போதும் கிரப்ஸ் சுழற்சியிலும் பிறந்துவிடுகிறது. அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவு மூலக்கூறிலிருந்தும், வினையில் சேரும் நீரிலிருந்தும் வருகின்றன. பாடநூலின் சமன்பாடு தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் காட்டுவதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 36ஆ, 32ஆ?

பழைய பாடநூல்களில் 38 அல்லது 36 என்றிருக்கும். ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, எஃப்ஏடி கூடைக்கு 2 ஏடிபி என்று முழு எண்களாக வைத்துக் கணக்கிட்ட காலம் அது. ஆனால் புரோட்டான்களின் ஓட்டம் முழு எண்களுக்குக் கட்டுப்பட்டதில்லை. இன்று ஏற்கப்படும் மதிப்பு முறையே 2.5, 1.5. அதன்படி 10 என்ஏடிஎச்சுக்கு 25, எஃப்ஏடி இரண்டுக்கு 3, நேரடியாகக் கிடைத்தவை 4, ஆக மொத்தம் 32. கிளைக்காலிசிஸில் நிரம்பிய கூடைகளின் எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கடத்தும் முறை செல்லுக்குச் செல் மாறுபடும். சில செல்களில் அந்த வழியில் 2 ஏடிபி குறைந்து 30 ஆகும். தேர்வுக்கு உங்கள் பாடநூல் சொல்லும் எண்ணை எழுதுங்கள். புரிதலுக்கு, 30 முதல் 32 வரை என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் இல்லாதபோது லாக்டிக் அமிலம் ஏன் உருவாகிறது? அதனால் கூடுதல் ஆற்றல் கிடைக்கிறதா?

ஒரு ஏடிபிகூடக் கிடைப்பதில்லை! பைருவேட் லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) மாறும் படியில் ஆற்றல் வரவு என்பதே கிடையாது. பிறகு எதற்காக என்றால், கூடைகளைக் காலி செய்வதற்காக. எலக்ட்ரான்களை வாங்க ஆக்சிஜன் இல்லாதபோது, செல் அவற்றைப் பைருவேட்டின் மீதே கொட்டிவிடுகிறது. பைருவேட் லாக்டேட் ஆகிறது. வெறுங்கூடை திரும்பக் கிடைக்கிறது. கிளைக்காலிசிஸ் தொடர்ந்து ஓடுகிறது. ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி வந்துகொண்டே இருக்கிறது. நொதித்தல் என்பதன் முழுப் பொருளும் இவ்வளவுதான். இந்த ஒரு பத்தி புரிந்துவிட்டால் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

உருவான லாக்டேட்டும் வீணாவதில்லை. இரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போய் மீண்டும் குளுக்கோஸாகிறது. இந்தச் சுற்றுக்கு, அதைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரில் கோரி சுழற்சி என்று பெயர். இருவரும் 1947இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதயத் தசை லாக்டேட்டை நேரடியாகவே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது.

ஈஸ்ட் மட்டும் ஏன் ஆல்கஹால் உருவாக்குகிறது?

அதே கூடைப் பிரச்சினைக்கு ஈஸ்ட் கண்ட வேறு தீர்வு. பைருவேட்டிலிருந்து முதலில் ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு, மிஞ்சிய துண்டின் மீது எலக்ட்ரான்களைக் கொட்டுகிறது. அது எத்தில் ஆல்கஹால் ஆகிறது. ரொட்டி மாவு உப்புவது அந்தக் கார்பன் டை ஆக்சைடால்தான்.

காற்றைச் செலுத்தினால் ஈஸ்ட் குறைந்த சர்க்கரையிலேயே நன்றாக வளர்வதை லூயி பாஸ்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கவனித்தார். ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைக்கும் ஆற்றல் பல மடங்கு கூடுவதே அதற்குக் காரணம். நொதித்தலுக்கு உயிருள்ள செல் கட்டாயம் வேண்டும் என்று பாஸ்டர் கருதினார். 1897இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்ட்டை நசுக்கிப் பிழிந்த செல்லற்ற சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். உயிர்வேதியியல் என்ற துறைக்கே அந்தச் சாறு அடித்தளமிட்டது என்பேன்.

காற்றில்லாச் சுவாசமும் நொதித்தலும் ஒன்றுதானா?

பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே சொல்கின்றன. அந்த அளவில் அது போதுமானதுதான். கூர்ந்து பார்த்தால் இரண்டும் வேறு. நொதித்தலில் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி இல்லை. சில பாக்டீரியாக்களிடம் சங்கிலி இருக்கிறது, ஆனால் அதன் முடிவில் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டோ சல்பேட்டோ எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. உண்மையான காற்றில்லாச் சுவாசம் இதுதான். சதுப்பு நிலத்துச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது சல்பேட்டிடம் எலக்ட்ரான்களை ஒப்படைத்த பாக்டீரியாக்கள் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் பட்டாலே வளர முடியாத பாக்டீரியாக்களும் உண்டு. டெட்டனஸ் கிருமி அப்படிப்பட்டது. காற்றுப் புகாத ஆழமான காயங்களில் அது செழிப்பது அதனால்தான்.

2 ஏடிபி மட்டுமே தரும் வழியைத் தசைகள் ஏன் கைவிடவில்லை?

வேகம். ஒரு குளுக்கோஸுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆக்சிஜன் வழி வெல்லும். ஒரு நொடிக்கு எவ்வளவு என்று பார்த்தால் கிளைக்காலிசிஸ் முந்திவிடும்.

முழு வேகத்தில் ஓடத் தொடங்கும்போது தசையில் ஏற்கெனவே இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிகளுக்குத்தான் போதும். அடுத்து கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு ஏறத்தாழ 10 நொடிவரை தாங்கும். அதன் பிறகு ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு முதுகெலும்பாக இருப்பது, லாக்டேட்டில் முடியும் கிளைக்காலிசிஸ். இதயமும் நுரையீரலும் முடுக்கம் பெற்று ஆக்சிஜன் போதிய அளவு வந்து சேர்வதற்குள் 400 மீட்டர் ஓட்டம் முடிந்தே போய்விடும். மாரத்தான் ஓடுகிறவரின் கணக்கு வேறு. அவர் ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜன் வழியையே நம்பியிருக்கிறார். இந்த வழிகள் ஒன்று நின்ற பிறகு மற்றொன்று தொடங்குவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. அவற்றின் பங்குதான் மாறுகிறது.

உடற்பயிற்சி செய்த மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலம்தானே காரணம்?

அல்ல. பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. பழக்கமில்லாத பயிற்சியால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைத் தொடரும் அழற்சியும்தான் அந்த வலிக்குக் காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தவளையிலிருந்து பிரித்தெடுத்த தசைகளை வைத்து நடந்த சோதனைகளில், களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருந்தது கண்டறியப்பட்டது. சேர்ந்து காணப்பட்டதையே காரணமாக எடுத்துக்கொண்ட அந்த முடிவு, நூறு ஆண்டுகள் கழிந்தும் பயிற்சிக் கூடங்களில் உயிரோடிருக்கிறது. லாக்டேட்டைக் கரைக்கிறோம் என்று சொல்லி விற்கப்படும் எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள்.

எல்லாச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டா?

நம் இரத்தச் சிவப்பணுக்களில் இல்லை. உடல் முழுவதும் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் அந்தச் செல்கள் அதில் ஒரு துளியையும் ஆற்றலுக்காக எடுத்துக்கொள்வதில்லை; கிளைக்காலிசிஸில் வரும் 2 ஏடிபியை வைத்துக்கொண்டே தம் ஏறத்தாழ 120 நாள் ஆயுளை வாழ்ந்து முடிக்கின்றன.

ஆக்சிஜன் இல்லாமல் கொழுப்பு எரியுமா?

எரியாது. கொழுப்பு அமிலம் சிதையும்போது நேரடியாக ஏடிபி கிடைப்பதில்லை, கூடைகள்தான் நிரம்புகின்றன. அவற்றைக் காலி செய்ய ஆக்சிஜன் இருந்தே தீர வேண்டும். இருந்தால் வரவு மிகப் பெரிது: 16 கார்பன் கொண்ட ஒரு பால்மிடிக் அமிலத்திலிருந்து 106 ஏடிபி. உடல் எடை குறைந்தவருடைய கொழுப்பு எங்கே போனது என்று கேட்டால், பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறிவிட்டது என்பதே சரியான விடை.

தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் சுவாசமும் செய்கின்றனவா?

சுவாசத்துக்கு இரவு பகல் கிடையாது. பகலில் ஒளிச்சேர்க்கை மிகுதியாக நடப்பதால் சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு நமக்குத் தெரிவதில்லை. நீர் தேங்கிய மண்ணில் வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது தாவரச் செல்களும் ஈஸ்ட்டைப் போலவே நொதித்தலுக்குத் திரும்பி ஆல்கஹால் உருவாக்குகின்றன.

புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் இருந்தும் அதைப் பயன்படுத்துவதில்லை என்கிறார்களே?

பல வகைப் புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் பெருமளவு குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகின்றன. இதை 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்தார். சங்கிலி பழுதானதே இதற்குக் காரணம் என்று அவர் நினைத்தார். ஆனால் பெரும்பாலான புற்றுநோய் செல்களில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருள்களும் தேவை என்பதும், குளுக்கோஸ் சிதையும் வழியில் அவை கிடைக்கின்றன என்பதும் இன்றைய விளக்கங்களில் முக்கியமானவை. புற்றுக்கட்டிகளின் இந்தக் குளுக்கோஸ் பசியைக் கொண்டே பெட் ஸ்கேன் என்ற உடல் படமெடுப்புச் சோதனை அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் போய்விடும் என்று மட்டும் தயவுசெய்து முடிவெடுத்துவிடாதீர்கள். நீங்கள் சர்க்கரையே சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் இரத்தத்தில் குளுக்கோஸை நிலைநிறுத்தியே தீரும். சிகிச்சையைத் தள்ளிப்போடுவதால் வரும் இழப்பு மீட்க முடியாதது.

மூளை சில நிமிடங்கள்கூட ஏன் தாங்குவதில்லை?

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே இருக்கும் மூளை, ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதனிடம் சேமிப்பும் சொற்பம். நொதித்தலில் வரும் 2 ஏடிபி அதன் பசிக்குக் காணாது. இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் 10 நொடிகளையொட்டி நினைவு தவறும். சில நிமிடங்களில் நரம்பு செல்கள் மடியத் தொடங்கும்.

சயனைடு கொல்லும் விதம் இதோடு தொடர்புடையது. சங்கிலியின் கடைசிப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்ச் சேராமல் அது தடுத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். செல்லோ மூச்சுத் திணறும்.

ஆக்சிஜன் இல்லாமல் நெடுநேரம் தாங்கும் விலங்குகள் உண்டா?

உண்டு. ரோமமற்ற அகழெலி ஆக்சிஜன் அறவே இல்லாத காற்றில் 18 நிமிடங்கள் தாக்குப்பிடித்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்நேரத்தில் அதன் மூளை ஃபிரக்டோஸை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. வட அமெரிக்காவின் வண்ண ஆமை, குளிர்ந்த நீரடியில் ஆக்சிஜனின்றி மூன்று மாதங்களுக்கு மேல் உயிரோடிருக்கும். உடலின் இயக்கத்தை ஏறக்குறைய அணைத்துவிட்டு, சேரும் அமிலத்தைத் தன் ஓட்டிலுள்ள கார்பனேட்டைக் கொண்டு சமன்செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது குரூசியன் கெண்டை, தங்கமீனின் நெருங்கிய உறவு. குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும், இந்த மீன் தன் உடலில் உருவாகும் லாக்டேட்டைத் தசைக்குக் கொண்டுபோய் எத்தில் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. லாக்டேட் உடலுக்குள் தேங்கிவிடும்; ஆல்கஹாலோ செவுள் வழியே நீரில் கரைந்து போய்விடும். பனி உருகும்வரை அந்த மீன், ஈஸ்ட்டின் வழியில் தன் கூடைகளைக் காலி செய்தபடி ஏரியின் அடியில் மெல்ல நீந்திக்கொண்டிருக்கும்.